கார் தானாகப் பாய்ஞ்சதா, கால் மாறி மிதிச்சதா? எப்படிக் கண்டுபிடிக்கிறது?

வாவிக்கரை (மட்டக்களப்பு):

அப்பாவின் கார் 660 சிசி, ஜப்பான், பெற்றோல், சீவிடி ஓட்டோ கியர். முந்தநாள் வளவுக்குள்ள இருந்து றிவேர்ஸில எடுக்கும்போது ஒரேயடியாகப் பின்னுக்குப் பாய்ஞ்சு எதிர்வீட்டு மதிலில் இடிச்சு நின்றது. ஆளுக்கு ஒன்றுமில்லை. பின் பம்பரும் டிக்கிக் கதவும் நசுங்கிப் போச்சு.

அப்பாவுக்கு 66 வயசு. காலம் முழுக்க மனுவல் வான் ஓட்டினவர், ஓட்டோ கியருக்கு மாறி ஒரு வருசம்தான். "பிறேக்கைத்தான் மிதிச்சன், மிதிக்க மிதிக்க ஓடிச்சு" என்று உறுதியாகச் சொல்றார். ஒரு கராஜில கொம்பியூட்டர் பிழை, ஈசியூ (எஞ்சினைக் கட்டுப்படுத்துற கொம்பியூட்டர்) மாத்தணும் என்றார்கள். இன்னொரு இடத்தில வயசு போனா ஓடக்கூடாது என்று முகத்துக்கு நேரே சொல்லிப்போட்டார்கள். ரெண்டு இடத்திலயும் காரைத் திறந்துகூடப் பார்க்கல்ல.

நான் கவனிச்சது: சீற்றில் நேராக இருந்து பார்த்தா பெடல் ரெண்டும் இடப்பக்கமாகத் தள்ளிக் கிடக்கு. பழைய காப்பெட் மேட்டுக்கு மேல போன மாசம் தடிச்ச ரப்பர் மேட் ஒன்று போட்டிருக்கு. ஏசி போட்டா, பிறேக்கை லேசாக மிதிச்சுக்கொண்டு நிற்கும்போது கார் ஒரு சின்ன உந்து உந்துது. வாசலில் கானுக்கு மேல போட்ட சிலாப்பின் விளிம்பு தரையைவிட ரெண்டு அங்குலம் உயரம். அதில ஏற அக்சிலேட்டர் கொடுக்கத்தான் வேணும்.

எதை முதல்ல பார்க்கிறது, எதை மறுகா பார்க்கிறது? ஈசியூவுக்குக் காசைக் கொட்ட முதல் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

---

மருதூர் கராஜ் (கல்முனை):

தம்பி, பெட்டரி வயரை யாரையும் கழற்ற விடாதீங்க. கழற்றினா கொம்பியூட்டரில பதிஞ்சு கிடக்கிற பிழைக் கோட் பல கார்கள்ல அழிஞ்சிரும், மறுகா யார் சொன்னது சரியெண்டு காட்ட ஒண்டும் மிஞ்சாது. மேட்டைத் தொடாம, கிடக்கிற மாதிரியே போன்ல படம் எடுங்க. எதிர்வீட்டிலயோ சந்திக் கடையிலயோ சிசிடிவி இருந்தா இண்டைக்கே கேளுங்க, நாள் போனா பழைய பதிவுக்கு மேல புதுசு ஏறிரும். அந்தப் பதிவில பார்க்க வேண்டியது பிறேக் லைட். கார் பாயும்போது லைட் எரிஞ்சதா? லைட் ஒழுங்கா வேலை செய்யிற கார்ல அது எரியாட்டி கால் பிறேக்கில இருக்கல்ல. எரிஞ்சுகொண்டே பாய்ஞ்சிருந்தா காரை ஓடவே கூடாது, தூக்கிக்கொண்டுதான் கராஜுக்குப் போகணும்.

அடுத்தது ஸ்கேன். காரின்ட கொம்பியூட்டரை வாசிக்கிற ஓபிடி ப்ளூடூத் அடப்டரும் போன் ஆப்பும் காணும். அக்சிலேட்டர் பெடலுக்குள்ள சென்சர் ரெண்டு இருக்கு. ரெண்டும் தனித்தனி வோல்டேஜ் அனுப்பும், ஈசியூ ரெண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கும். பல டொயோட்டாக்கள்ல பெடலை விட்டா ஒண்டு 0.5 – 1.1 வோல்ட், மற்றது 1.2 – 2.0 வோல்ட் காட்டணும். உங்கட காருக்கு அளவு வேறயா இருக்கலாம், முறை ஒண்டுதான்: மெதுவா மிதிக்கும்போது ரெண்டும் சேர்ந்து ஏறணும், நடுவில துள்ளக்கூடாது, விட்டதும் ரெண்டும் இருந்த இடத்துக்கே வரணும். ரெண்டும் முரண்பட்டா பி2138 எண்டு கோட் விழும். ஒண்டு அறுந்தா பி2122 இல்லாட்டி பி2127. எஞ்சினுக்குக் காத்தை விடுற த்ரொட்டில் தகட்டுப் பக்கம் எண்டா பி2135, தகடு திறந்தபடி இறுகினா பி2111. இதில எது விழுந்தாலும் எஞ்சின் லைட் எரியும், ஈசியூ பவரைக் குறைச்சிரும், கார் இழுக்காது. எலக்ட்ரோனிக் பக்கம் பிழை வந்தா அனேகமா நடக்கிறது இதுதான்.

அப்புறம் எஞ்சினை நிறுத்திப்போட்டு, குனிஞ்சு, அக்சிலேட்டரைக் கையால தரை மட்டும் அமத்துங்க. விட்டதும் "டக்" எண்டு மேல வரணும். மெதுவா விட்டும் பாருங்க, சில பெடல் வேகமா விட்டா வரும், மெல்ல விட்டா நடுவில நிற்கும். இப்ப மேட்டை வேணுமெண்டே ஒரு அங்குலம் முன்னுக்குத் தள்ளிப்போட்டு திரும்ப அமத்துங்க. ரப்பர் மேட்டில தண்ணி வடியாம இருக்க மேல நோக்கி ஒரு வரம்பு விட்டிருப்பாங்க. பெடலின்ட கீழ் நுனி அந்த வரம்புக்குள்ள போய் மாட்டினா வராது. உங்கட கார்ல மேட்டுக்கு மேல மேட் கிடக்கு, கீழ இருக்கிற காப்பெட் மேட்டின்ட கொளுக்கியில புது மேட் மாட்டுப்படாது. ஒவ்வொரு தரமும் காலை இழுக்க இழுக்க அது முன்னுக்கு நகரும். இண்டைக்கே ஒண்டைக் கழற்றுங்க.

ஏசி போட உந்துது எண்டீங்களே, அதை லேசா எடுக்காதீங்க. எஞ்சின் நல்லா சூடானபிறகு ஐட்லிங் (அக்சிலேட்டர் கொடுக்காம எஞ்சின் நிமிசத்துக்குச் சுத்துற சுத்து) பாருங்க. ஏசி இல்லாம 700 – 900க்குள்ள நிண்டு, ஏசி போட நூறு இருநூறு கூடினா சரி. ஆயிரத்தி இருநூறு, முந்நூறு எண்டு ஏறி இறங்கினா த்ரொட்டில் பொடியில கரி, வெடிச்ச வெக்கூம் குழாய், இன்டேக் கேஸ்கட்டால காத்து, இல்லாட்டி தண்ணிச் சூட்டுச் சென்சர் இன்னும் குளிர் எண்டு சொல்லுது. கரி துடைக்கிறதெண்டா ஸ்கேன் எல்லாம் முடிஞ்ச பிறகுதான். அதுக்குரிய ஸ்பிரேயைத் துணியில அடிச்சுத் துடைக்கணும், பெற்றோல் ஊத்தாதீங்க. சுவிட்ச் ஒன் பண்ணிக்கொண்டு தகட்டை விரலால தள்ளாதீங்க, மோட்டர் பல்லும் போகும், விரலும் போகும். துடைச்சவுடன ஐட்லிங் இன்னும் கூடும், பழைய கரிக்கு ஏத்த மாதிரி ஈசியூ பழகி வச்சிருக்கும். ஐட்லிங்கைத் திரும்பப் பழக்கிற முறை மொடலுக்கு மொடல் வேற. அதைச் செய்யாம காரை றோட்டுக்கு எடுக்காதீங்க.

பிறேக் சோதனை: எஞ்சின் ஓஃப், பெடலை நாலஞ்சு தரம் மிதிச்சு இறுகினதும் மிதிச்சபடியே ஸ்டார்ட் பண்ணுங்க. பெடல் கொஞ்சம் கீழ போனா பூஸ்டர் (மிதிக்கிற பலத்தைக் கூட்டிக் கொடுக்கிறது) நல்லம். மறுகா மிதிச்சபடி ஓஃப் பண்ணி அரை நிமிசம் வச்சிருங்க, பெடல் மேல தள்ளக்கூடாது. மிதிச்சு வச்சிருக்க மெல்ல மெல்லக் கீழ போனா மாஸ்டர் பம்ப் பழுது. பஞ்சு மாதிரி இருந்தா லைனுக்குள்ள காத்து. விரலால அமத்தினா தளர்வு பல கார்கள்ல 1 – 6 மி.மீ. தான் இருக்கணும்.

இதை ஏன் பார்க்கச் சொல்றன் எண்டா, பிறேக் பெடலை அக்சிலேட்டரைவிட உயரத்தில வச்சிருக்கிறதே ரெண்டும் ஒரேயடியா மிதிபடாம இருக்கத்தான். லைனில காத்து இருந்தா, பம்ப் பழுதெண்டா, பிறேக் கீழ இறங்கி அக்சிலேட்டர் மட்டத்துக்கு வந்திரும். அகலமான செருப்பெண்டா ஓரம் அக்சிலேட்டரில படும். மிதிக்கிற ஆளுக்குத் தான் பிறேக்கை மிதிக்கிறது நல்லாத் தெரியும், ஆனா கார் உறுமும். "மிதிக்க மிதிக்க ஓடிச்சு" எண்டு சொல்ற சில கேஸில உண்மையிலயே நடக்கிறது இதுதான்.

இன்னும் ஒண்டு. நிற்கிற கார்ல, நல்ல பிறேக்கை முழுசா மிதிச்சா, எஞ்சின் எவ்வளவு உறுமினாலும் 660 சிசியால சில்லை உருட்ட ஏலாது. அப்ப பிறேக் முழுசா மிதிபட்டும் கார் பாய்ஞ்சது எண்டா, எஞ்சினும் பிறேக்கும் ஒரே வினாடியில பழுதாகி, இடிச்சபிறகு ரெண்டும் தானாச் சரிவந்திருக்கணும். மேல சொன்ன சோதனை எல்லாம் சரியா வந்தா கால் பக்கம்தான் பார்க்க வேணும். அது வாப்பாமாரைக் குற்றம் சொல்ற கதையில்ல, 20 வயசுப் பொடியனுக்கும் நடக்கிறதுதான்.

---

கல்லடி எல் போர்ட்:

மேலே சொன்ன சோதனைகள் எல்லாம் செய்ய வேண்டியவை. நான் கால் பக்கம் மட்டும் எழுதுகிறேன். பெடல் இடப்பக்கம் தள்ளியிருக்கு என்று நீங்கள் கவனித்தது மிக முக்கியமான விடயம்.

நம்முடைய கார்கள் வலப்பக்க ஸ்ரேரிங். சின்னக் கார்களில் முன் சில்லின் கூடு ஓட்டுநரின் வலது பாதம் வரவேண்டிய இடத்துக்குள் துருத்திக்கொண்டு வரும். அதனால் பெடல் இரண்டையும் இடப்பக்கம் நகர்த்தி வைப்பார்கள். நேராக இருக்கும் ஆள் யோசிக்காமல் வலது காலை நீட்டினால் பாதத்துக்கு நேரே வருவது அக்சிலேட்டர். பிறேக் உடம்பின் நடுப்பக்கமாக இருக்கும். அப்பா இத்தனை வருடம் ஓட்டிய வானில் இருக்கை முன் சில்லுக்கு மேலே, பெடல் இருந்த இடமும் மிதிக்கும் கோணமும் வேறு. பதற்றத்தில் கால் போவது பழகிய இடத்துக்குத்தான்.

இதைச் சோதிக்கலாம். எஞ்சின் ஓஃப், கியர் பி-யில் (பார்க்கிங்). அப்பா வழக்கமாகப் போடும் செருப்போடு சீற்றில் இருக்கட்டும். நீங்கள் கதவுப்பக்கம் குந்தி இருந்து பெடலைப் பாருங்கள். அவர் கீழே பார்க்காமல், நீங்கள் "பிறேக்" என்றதும் மிதிக்க வேண்டும். நேராக இருந்து ஒரு பத்துத் தரம், பின்னால் பார்க்க இடப்பக்கம் உடம்பைத் திருப்பிக்கொண்டு ஒரு பத்துத் தரம். பாதத்தின் மூன்றில் இரண்டு பங்காவது பிறேக் ரப்பரில் விழ வேண்டும். வலது ஓரத்தை மட்டும் தொட்டுக்கொண்டு நின்றால் அதுதான் ஆபத்து. உடம்பைத் திருப்பும்போது இடுப்பும் தொடையும் சேர்ந்து நகரும், கால் நகர்ந்தது ஆளுக்குத் தெரியாது. றிவேர்ஸில் இது அதிகம் நடப்பதற்குக் காரணம் அதுதான்.

சரிசெய்ய, சீற்றிலிருந்து தொடங்குங்கள். பிறேக்கை அடிமட்டும் மிதித்தாலும் முழங்கால் கொஞ்சம் மடிந்திருக்க வேண்டும், முதுகு சீற்றை விட்டு எழும்பக்கூடாது. குதிக்கால் வைக்கும் இடம் பிறேக்குக்கு நேரே. அக்சிலேட்டருக்குப் போகும்போது குதிக்காலை ஊன்றியபடி முன்பாதத்தை மட்டும் வலப்பக்கம் சாய்க்க வேண்டும். அக்சிலேட்டருக்கு நேரே குதிக்காலை ஊன்றிப் பழகிய ஆட்களுக்கு பிறேக்குக்கு வர முழுக்காலையும் தூக்க வேண்டும், அவசரத்தில் அப்படிக் காலைத் தூக்குவது நடப்பதில்லை. பாதம் சின்னதாக இருந்து குதிக்கால் எட்டாத ஆட்கள் சீற்றை முன்னுக்கு இழுத்து உயரத்தைக் குறைத்துப் பார்க்கலாம்.

பாட்டாவோடு ஓட வேண்டாம். மழைக்கு நனைந்தால் பாதம் செருப்புக்குள் வழுக்கும், நுனி பெடலுக்குக் கீழே மடியும். பின்வார் உள்ள செருப்பு அல்லது அடி மெல்லிய சப்பாத்து. கழற்றிய செருப்பும் தண்ணீர்ப் போத்தலும் ஓட்டுநரின் காலடியில் கிடக்கக் கூடாது, போத்தல் உருண்டு பிறேக்குக்குக் கீழே போனால் மிதிக்க இடமிருக்காது.

இப்போது உங்கள் வாசல். அந்த இரண்டு அங்குல விளிம்பு என் கண்ணில் பெரிய குற்றவாளி. சில்லு விளிம்பில் முட்டும், கார் நிற்கும், அக்சிலேட்டர் கொடுப்பீர்கள், போதாது, இன்னும் கொடுப்பீர்கள், சில்லு சட்டென்று ஏறும், கார் துள்ளும். துள்ளியவுடன் உடம்பு சீற்றில் பின்னுக்கோ முன்னுக்கோ எறிபடும், அக்சிலேட்டரில் இருக்கும் கால் விறைக்கும். விறைத்த கால் கீழ்நோக்கித்தான் தள்ளும். ஏசியும் அதே நேரம் உந்தினால் சொல்லவே வேண்டாம். விளிம்புக்கு இரண்டு பக்கமும் சீமெந்தால் ஒரு மூன்று அடி நீளத்துக்குச் சரிவு போடுங்கள். கடற்கரைப் பக்கம் வளவு முழுக்க மணல் என்றால் இதே பிரச்சினை வேறு உருவத்தில் வரும்: சில்லு மணலில் சுழலும், கொங்கிறீட்டில் பட்டதும் பிடிக்கும், கார் பாயும். சில்லு போகும் தடத்தில் மட்டும் இரண்டு கொங்கிறீட் பட்டை போட்டால் போதும்.

சரிவு போட்டபின் வளவுக்குள் ஒரே பழக்கம்: றிவேர்ஸில் அக்சிலேட்டரைத் தொடவே கூடாது. ஓட்டோ கியர் கார் பிறேக்கைத் தளர்த்தினாலே ஊரும், கால் பிறேக்குக்கு மேலேயே இருக்கட்டும்.

---

சம்மாந்துறை வயல்:

நல்ல விளக்கம். ஆனா பாய்ஞ்சா என்ன செய்றதெண்டு ஒருத்தரும் எழுதல்ல. எங்கட பக்கம் எல்லாரும் சொல்றது, உடன சாவியைத் திருப்பி ஓஃப் பண்ணு எண்டுதான். அது சரிதானே?

ட்ரெக்டர்காரங்களுக்கும் ரெண்டு வரி. பெரிய ட்ரெக்டர்ல பிறேக் பெடல் ரெண்டு, இடச்சில்லுக்கு ஒண்டு, வலச்சில்லுக்கு ஒண்டு. வயலுக்குள்ள கிறுக்கி எடுக்கத் தனித்தனியா வேணும். றோட்டுக்கு ஏறினா ரெண்டையும் சேர்த்துப் பூட்டுற கொளுக்கியைப் போடணும். போடாம வேகத்தில ஒரு பெடலை மிதிச்சா ஒரு பக்கம் மட்டும் இறுகி ட்ரெக்டர் கவிழும். கை அக்சிலேட்டர் லீவரையும் றோட்டுக்கு ஏற முதல் முழுசாக் குறைங்க. அது கூடின இடத்தில கிடந்தா காலை எடுத்தாலும் எஞ்சின் குறையாது. அம்பாறை றோட்டில நெல்லு ஏத்தின பெட்டியோட இப்படிப் போற ட்ரெக்டர் எத்தின கண்டிருப்பம்.

---

மருதூர் கராஜ்:

வயல் நானா, ட்ரெக்டர் கதை முழுக்கச் சரி. சாவிக் கதை மட்டும் இல்ல. முதல் வேலை ரெண்டு காலையும் முழுசாத் தூக்கிறது. கால் மாறி மிதிச்சிருந்தா அதோட முடிஞ்சிது. தூக்கியும் உறுமினா பிறேக்கை ஒரே மிதியா முழுப் பலத்தோட மிதிச்சு அப்படியே வச்சிருக்கணும். விட்டு விட்டு மிதிக்கக் கூடாது. த்ரொட்டில் முழுசாத் திறந்து கிடக்கும்போது பூஸ்டரை இயக்கிற வெக்கூம் (காத்து உறிஞ்சல்) எஞ்சின்ல இல்ல, பூஸ்டருக்குள்ள மிச்சம் கிடக்கிறது ஒண்டு ரெண்டு மிதிக்குத்தான் காணும். அதை விட்டு விட்டு மிதிச்சு முடிச்சா பெடல் கல்லு மாதிரி ஆகிரும். பிறேக்கைப் பிடிச்சபடியே கியரை என்-க்கு (நியூட்ரல்) தள்ளணும். டி-யில இருந்தும் ஆர்-ல இருந்தும் என்-க்குப் போக சாதாரண லீவர்ல பட்டன் அமத்தத் தேவையில்ல, தள்ளினாக் காணும். பிரியஸ் மாதிரிச் சின்ன லீவர் எண்டா என்-ல கொஞ்சம் பிடிச்சு வச்சிருக்கணும், தட்டிவிட்டா எடுக்காது. என்-ல எஞ்சின் கத்தும், பயப்பட வேணாம், ஒரு அளவுக்கு மேல ஈசியூவே வெட்டும்.

கார் நிண்டபிறகு ஓஃப் பண்ணுங்க. என்-க்குப் போகாட்டி மட்டும் ஓடும்போதே ஓஃப் பண்ணலாம், அப்ப ஸ்ரேரிங் பாரமாகும். சாவிக் கார் எண்டா ஏசிசி (லொக்குக்கு முந்தின நிலை) வரைக்கும்தான் திருப்பணும். மனுவல் கார்கள்ல லொக் வரைக்கும் போய்ச் சாவியை இழுத்தா ஸ்ரேரிங் பூட்டிரும். பட்டன் கார் ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு தட்டுக்கு நிற்காது, ரெண்டு மூணு வினாடி அமத்திப் பிடிக்கணும்.

டீசல்காரங்களுக்கு: டர்போ ஒயில் சீல் போய் எஞ்சின் தன்ட ஒயிலையே குடிச்சு ஓடத் தொடங்கினா சாவியை எடுத்தாலும் நிற்காது, புகை மூடும். மனுவல் எண்டா பிறேக்கை முழுசா மிதிச்சு, பெரிய கியரைப் போட்டு, கிளட்ச்சைச் சட்டெண்டு விட்டு அணைக்கணும். ஏலாட்டி காத்து எடுக்கிற வாயைத் தடிச்ச பலகையால அடைக்கணும். கையாலயோ துணியாலயோ ஒருநாளும் வேணாம், இழுத்திரும்.

---

தாழங்குடா:

"கொம்பியூட்டர் பிழை" என்ற பேச்சுக்கு ஒரு பின்னணி இருக்கு. அதைத் தெரிஞ்சா உங்கட அப்பாவுக்கு நடந்ததும் விளங்கும்.

1986இல் அமெரிக்காவில் ஆடி 5000 கார் தானாகப் பாயுது என்று ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சி காட்டியது, கம்பெனியின் விற்பனையே படுத்தது. அரசாங்கத்தின் வீதிப் பாதுகாப்பு நிர்வாகம் ஆராய்ந்து 1989இல் அறிக்கை வெளியிட்டது. பெரும்பாலானவை பெடல் மாறி மிதித்தவை. ஆனால் அதோடு அறிக்கை நிற்கவில்லை. ஐட்லிங்கைக் கட்டுப்படுத்தும் கருவியில் பிழை இருந்து எஞ்சின் சட்டென்று கொஞ்சம் உந்தியிருக்கிறது. அந்த உந்தில் ஓட்டுநர் திடுக்கிட்டு மிதித்த கால்தான் இடம் மாறியது. ஏசி உந்தும் கானோர விளிம்பும் சேர்ந்த உங்கட வாசல் இதற்குத் தூரமில்லை. பிறேக்கை மிதித்தால்தான் பி-யிலிருந்து கியர் நகரும் என்ற பூட்டு ஓட்டோ கியர் கார்களுக்குப் பரவத் தொடங்கியது அந்தக் காலத்தில்தான்.

மேட் விடயம் அதைவிடக் கொடுமை. 2009 ஆகஸ்ட்டில் சான் டியாகோ அருகே ஒரு லெக்சஸ் கார் நிற்காமல் ஓடி நாலு பேர் இறந்தார்கள். அதில் கிடந்தது வேறு மொடலுக்குரிய ரப்பர் மேட், கொளுக்கியில் மாட்டாமல். அதற்குப் பிறகுதான் டொயோட்டா லட்சக்கணக்கான கார்களை மேட்டுக்காகத் திருப்பி அழைத்தது. 2010 ஜனவரியில், மிதித்த பெடல் மெதுவாகத் திரும்புகிறது என்று இன்னொரு அழைப்பு. அங்கே பிழை பெடலுக்குள் உராயும் ஒரு துண்டில். எலக்ட்ரோனிக் பக்கத்தை நாசா பொறியியலாளர்கள் பத்து மாதம் ஆராய்ந்தார்கள். த்ரொட்டில் பெரிதாகத் திறக்கும்படியான பிழை எதையும் காணவில்லை என்று 2011 பெப்ரவரியில் அறிக்கை வந்தது. அதன்பின் மென்பொருளைப் பற்றி அமெரிக்க நீதிமன்றங்களில் வழக்கும் நடந்தது, ஆகவே அந்தப் பக்கம் பார்க்கவே வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். ஸ்கேன் பண்ணாமல் ஈசியூ மாற்றச் சொல்வதுதான் தவறு.

அந்தப் பரபரப்புக்குப் பிறகு பல கம்பெனிகள் ஒரு வசதியைப் போட்டன: பிறேக்கும் அக்சிலேட்டரும் சேர்ந்து மிதிபட்டால் எஞ்சின் பவர் குறையும். இது வேலை செய்ய, பிறேக் மிதிபட்டது ஈசியூவுக்குத் தெரிய வேண்டும். அதைச் சொல்வது பிறேக் லைட் எரியவைக்கும் அதே சுவிட்ச். ஆகவே பிறேக் லைட் எரியாத கார் பொலிஸ் தண்டத்துக்கு மட்டும் பயப்பட வேண்டிய கார் இல்லை.

ஜப்பானில் 2019 ஏப்ரலில் இகெபுகுரோவில் 87 வயது ஓட்டுநர் ஒருவரின் கார் பாய்ந்து ஒரு தாயும் மகளும் இறந்தார்கள். பெடல் மாறி மிதித்தது என்று நீதிமன்றம் தீர்த்தது. இப்போது ஐ.நா.வின் 175ஆம் இலக்க ஒழுங்குவிதி இதற்கென்றே இருக்கு: முன்னால் தடை இருக்கும்போது அக்சிலேட்டரை முழுசாக மிதித்தால் கார் அதை மறுக்க வேண்டும். ஜப்பானில் புதிய மாதிரிகளுக்கு 2028 செப்டம்பரிலிருந்து கட்டாயம். பெடல் அமைப்பிலும் மாற்றம் வந்திருக்கு. மஸ்டா முன் சில்லை முன்னுக்குத் தள்ளி, வலது கால் நேராக நீளும் இடத்தில் அக்சிலேட்டரை வைத்தது. அந்தப் பெடலுக்குக் கீல் தரையில், குதிக்கால் நகராது.

நம்மிடம் வரும் பாவித்த ஜப்பான் கார்களில் சிலவற்றுக்கு இப்படியான தடுப்பு ஏற்கெனவே இருக்கும், சொந்தக்காரருக்கே தெரியாது. டிஸ்ப்ளே முழுக்க ஜப்பான் மொழி. பம்பரில் சின்ன வட்டச் சென்சர், முன் கண்ணாடி மேலே கமரா அல்லது ராடர் இருக்கா என்று பாருங்கள். டாஷ்போர்டில் ஓஃப் பட்டன் அமத்திக் கிடக்கா என்றும் பாருங்கள். கமராவுக்கு முன்னால் சாமிப் படமோ துஆ ஸ்டிக்கரோ டின்டோ இருக்கக் கூடாது. கண்ணாடி மாற்றினால் கமராவைத் திரும்ப அளவுக்குக் கொண்டுவர வேண்டும். டொயோட்டா 2018 டிசம்பரிலிருந்து ஏற்கெனவே ஓடும் பழைய பிரியஸ், அக்வா கார்களில் பூட்டக்கூடிய தடுப்புத் தொகுதியும் விற்றது, முன்னும் பின்னும் சோனாரோடு (ஒலி அலையால் தடையை உணரும் சென்சர்). ஆனால் சோனார் மதிலைக் காணும், கம்பி வேலியையும் மெல்லிய தூணையும் காணாமல் விடலாம், மனிதரையும் நம்பி விட ஏலாது.

---

வாவிக்கரை:

எல்லாருக்கும் நன்றி. செய்ததைச் சொல்றன்.

சிசிடிவி கிடைச்சது. பிறேக் லைட் சிலாப்பில் ஏறும் வரைக்கும் எரியல்ல, பாயும்போதும் எரியல்ல. இடிச்ச பிறகுதான் எரிஞ்சது. லைட் ரெண்டும் வேலை செய்யுது. ஸ்கேனில கோட் ஒன்றும் இல்லை, பெடல் சென்சர் ரெண்டும் சேர்ந்து ஏறி இறங்குது. ஐட்லிங் ஏசி இல்லாம 900, போட 1300 மட்டும் போய் இறங்குது. த்ரொட்டில் தகட்டைச் சுற்றிக் கறுப்பு வளையம். ரப்பர் மேட் முன்னுக்குத் தள்ளிப் பார்த்ததில் பெடல் நுனி வரம்பில் உரசுது, மாட்டல்ல. பிறேக் சோதனை எல்லாம் சரி.

கால் சோதனையில், நேராக இருக்கும்போது அப்பாவுக்கு ஒரு தரமும் பிழைக்கல்ல. உடம்பைத் திருப்பினபோது பாதி தரம் பிறேக்கின் வலது ஓரத்தில் விழுந்தது, ஒரு தரம் அக்சிலேட்டரில். அவர் தானே குனிஞ்சு பார்த்துப்போட்டு ஒன்றும் சொல்லல்ல, சீற்றை முன்னுக்கு இழுத்தார்.

ஒரு கேள்வி. பிறேக் பெடலுக்கு மேல போடுற அகலமான அலுமினியக் கவர் கடையில இருக்கு. அதைப் போட்டா கால் பிசகாதுதானே? அக்சிலேட்டருக்கும் சோடியாத் தாறாங்க.

---

மருதூர் கராஜ்:

போட வேணாம் தம்பி. பிறேக் அகலமானா அக்சிலேட்டருக்கும் அதுக்கும் இடையில கம்பெனி விட்ட இடைவெளி குறையும், ரெண்டும் சேர்ந்து மிதிபட வழி கூடும். அக்சிலேட்டருக்குக் கவர் போட்டா அது தடிச்சு உயரும், பிறேக்குக்கும் அதுக்கும் உள்ள உயர வித்தியாசம் போயிரும். பிடிக்கிற ஸ்குரூ தளர்ந்தா கவர் சுழன்று பக்கத்துப் பெடலில மாட்டும். அலுமினியம் நனைஞ்ச செருப்புக்கு வழுக்கும். உங்கட பிறேக் ரப்பர் தேஞ்சு மழுங்கி இருந்தா அதே மொடலுக்குரிய புது ரப்பரை வாங்கிப் போடுங்க, அது காணும். பெடல் தண்டை வளைச்சு, வெட்டி ஒட்டித் தாறன் எண்டு யாரும் சொன்னா விடாதீங்க.

1300 கூடுதல். கரியைத் துடைச்சு, ஐட்லிங் பழக்கி, ஏசியோட திரும்ப அளந்து பாருங்க. குறையாட்டி இன்டேக் கேஸ்கட் பக்கம் காத்து எடுக்குதா எண்டு பார்க்கணும்.

---

கல்லடி எல் போர்ட்:

திருப்பும்போதுதான் பிசகுகிறது என்றால் வேலை பாதி குறைந்துவிட்டது. பின்னால் ஒரு கமரா பூட்டுங்கள், கண்ணாடிகளையும் கமராவையும் பார்த்தே எடுக்கலாம், உடம்பைத் திருப்பும் அளவு குறையும். திரும்பித்தான் பார்க்க வேண்டும் என்றால் இந்த ஒழுங்கு: பி-யில் நிறுத்தி முதலில் முழுக்கத் திரும்பிப் பார்ப்பது, பிறகு முன்னுக்குத் திரும்பி பிறேக்கை மிதித்து கால் இருக்கும் இடத்தை உணர்வது, அதன் பிறகுதான் ஆர். எஞ்சின் ஓஃப் செய்த காரில் தினமும் சில நிமிடம் இதையே பழகட்டும், சிலாப்புக்குச் சரிவு போட்டு முடிக்கும் வரை வாசலில் வேறு யாராவது எடுத்துக் கொடுங்கள். சீமெந்து காய ஒரு கிழமை விடுங்கள், அதற்குமுன் சில்லு ஏற்றினால் சரிவின் விளிம்பு உடைந்து பழைய உயர வித்தியாசம் திரும்ப வரும்.